அறியாமையிலிருந்து பொறுப்புக்கு: கம்பனிப் பணிப்பாளர் இரு வகையினர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கம்பனியொன்றின் பணிப்பாளர் சபையில் அமர்வோர் யாவரும் சட்டத்தின் முன் ஒரே பெயரினர்; ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. ஆயினும் அம்மேசையைச் சூழ அமர்ந்திருப்போர் இரு வேறு நிலைகளிலிருந்து அங்கு வந்தவராவர். ஒரு சாரார் கம்பனியின் முழுநேர ஊழியர்; சம்பளம் பெற்று நாள்தோறும் கொள்வனவு, விற்பனை, கடன், ஆட்சேர்ப்பு ஆகியவற்றை நடத்துபவர். இவர்களை நிறைவேற்றுப் பணிப்பாளர் என்பர். மற்றைய சாரார் மாதத்துக்கொரு முறையோ காலாண்டுக்கொரு முறையோ கூடி, தமக்கு அனுப்பப்பட்ட அறிக்கைகளைப் பார்த்து, வினவி, வாக்களித்துச் செல்பவர். இவர்கள் நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர். முன்னவர் செய்பவர், பின்னவர் செய்பவரைக் கண்காணிப்பவர்.

இவ்வேறுபாடு சட்டவாக்கத்திலே தோன்றியதன்று. மூலதனத்தின் உடைமையும் அதன் முகாமையும் வெவ்வேறு கைகளுக்குச் சென்ற வரலாற்றுப் போக்கிலே அது உருவாயிற்று. கண்காணிக்க வேண்டியவர் ஒன்றும் அறியாதிருந்தாலும் குற்றமில்லை என்ற நிலை நெடுங்காலம் நிலவியது. அறிந்திருத்தலே கடமை என்ற கொள்கை, வைப்பாளரும் ஓய்வூதியரும் தம் சேமிப்பை இழந்த பின்னரே, படிப்படியாக ஏற்கப்பட்டது. இம்மாற்றத்தின் வரலாற்றை, முக்கியமாகப் பிரித்தானியாவையும் அதன் சட்டமரபைத் தழுவிய இலங்கையையும் கருத்திற்கொண்டு, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிறர் பணத்தின் காவலர்

1600ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, பின்னாளிற் போட்டிக் கம்பனியுடன் இணைந்து, 24 பணிப்பாளர் கொண்ட சபையொன்றினால் ஆளப்பட்டது. பங்குடையோரின் பேரவை இவர்களைத் தெரிவு செய்தது. 2,000 பவுண் பெறுமதியான பங்குடையவரே பணிப்பாளராகலாம். இச்சபை வெறும் கண்காணிப்புச் சபையன்று. கடிதத் தொடர்பு, கப்பல், திறைசேரி எனப் பல குழுக்களாகப் பிரிந்து லண்டனிலிருந்தவாறு நிருவாகத்தையும் அதுவே நடத்தியது. எனினும் மெய்யான செயல் வங்காளத்திலும் சென்னையிலும் நிகழ்ந்தது. கடிதமொன்று போய்ச்சேரவே பல மாதங்கள் சென்றன. பார்ப்பவருக்கும் செய்பவருக்கும் இடையே ஒரு பெருங்கடல் கிடந்தது.

1770ஆம் ஆண்டின் கொடிய வங்காளப் பஞ்சத்தின் பின்னரும், 1772இல் அக்கம்பனி நிதி நெருக்கடியிற் சிக்கி அரசாங்கத்திடம் கடன் கேட்டு நின்ற பின்னரும், 1776இல் அடம் சிமித் தம் பொருளியல் நூலை வெளியிட்டார். பிறருடைய பணத்தை நிருவகிப்பவர், தம் சொந்தப் பணத்தின்மீது காட்டும் விழிப்பினை அதன்மீது காட்டுவாரென எதிர்பார்க்க இயலாது என்பதும், கூட்டுப் பங்குக் கம்பனிகளில் அசட்டையும் ஊதாரித்தனமும் தவிர்க்கவொண்ணாதவை என்பதும் அவர் கருத்தாகும். பின்வந்த இரு நூற்றாண்டுக் கம்பனிச் சட்டம் முழுவதும் இக்கூற்றுக்கு எழுதப்பட்ட விடைகளே எனலாம்.

பிரித்தானியாவில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு செய்வதன்மூலம் கம்பனி அமைக்கும் வழியைத் திறந்தது. 1855ஆம் ஆண்டுச் சட்டம் பங்குதாரரின் பொறுப்பினை வரையறுத்தது. 1862இல் இவை ஒரு பெருஞ்சட்டமாகத் தொகுக்கப்பட்டன. இலங்கையிலும் 1861இல் கூட்டுப் பங்குக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர் பேர் அறியாத ஆயிரக்கணக்கானோரின் சிறு தொகைகள் இப்போது ஒரே நிறுவனத்திற் குவியலாயின. உடைமையாளர் தொகை பெருகியது. நிருவகிப்போர் தொகை சுருங்கியது. தொழில் நடத்தும் பணி மூலதன உடைமையினின்றும் பிரிந்து செல்வதைக் கார்ல் மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ மூன்றாம் பாகத்திற் சுட்டினார். உண்மையில் தொழிலை நடத்துபவருக்கு மேலே, மேற்பார்வை என்ற சாட்டிற் பல பணிப்பாளரை இருத்தி ஊதியம் வழங்கும் புதியதொரு மோசடியையும் அவர் அங்கே குறிப்பிடத் தவறவில்லை.

2. கௌரவமான அறியாமை

மார்க்ஸ் குறிப்பிட்ட அப்பணிப்பாளருக்கு விக்டோரியா காலத்து லண்டன் மக்கள் ஒரு பெயர் வைத்திருந்தனர்: கினிப்பன்றி. கூட்டமொன்றுக்கு வந்து போவதற்கு ஒரு கினி நாணயமும் ஒரு வேளை விருந்தும் பெறுபவர் என்பது இப்பெயரின் பொருள். பிரபுக்கள், ஓய்வுபெற்ற படைத்தளபதிகள், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் பெயர்கள் பங்கு விற்பனை விளம்பரங்களை அலங்கரித்தன. அவர்களிடமிருந்து கம்பனி வேண்டியது பெயரை மட்டுமே. நிலப்பிரபுத்துவத்தின் மதிப்பு, முதலாளித்துவத்தின் சந்தையில் விலைப்பட்ட விதம் இது.

இதன் விளைவு 1878ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கிளாஸ்கோ நகர வங்கி வீழ்ந்தபோது வெளிப்பட்டது. பொய்க் கணக்குகளால் ஆண்டுக்கணக்காக மூடி மறைக்கப்பட்ட நட்டம் ஆறு மில்லியன் பவுணைத் தாண்டியிருந்தது. அவ்வங்கியின் பங்குதாரருக்கு வரையறுத்த பொறுப்பு இருக்கவில்லை. 100 பவுண் பங்கொன்றுக்கு 2,750 பவுண் வரை அவர்களிடம் அறவிடப்பட்டது. 1,819 பங்குதாரரில் 254 பேர் மாத்திரமே வங்குரோத்தாகாது தப்பினர். முகாமையாளரும் பணிப்பாளர் அறுவரும் 1879இற் சிறைத்தண்டனை பெற்றனர். எனினும் அவர்கள் தண்டிக்கப்பட்டது பொய்யான ஐந்தொகையை வெளியிட்டமைக்காகவே. எதையும் பாராதிருந்த பணிப்பாளர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்ற வினா தீர்க்கப்படாமலே எஞ்சியது.

அவ்வினாவுக்கு நீதிமன்றங்கள் அளித்த முதல் விடைகள் இன்று நமக்கு வியப்பூட்டுவன. காடிப் சேமிப்பு வங்கியின் வழக்கு 1892இல் தீர்க்கப்பட்டது. பியூட் பிரபு ஆறு மாதக் குழந்தையாயிருந்தபோதே, தந்தையின் இடத்தில், அவ்வங்கியின் தலைவர் பதவிக்கு வந்தவர். முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் சமுகமளித்தது ஒரேயொரு கூட்டத்திற்கு. வங்கியிலே மோசடி நிகழ்ந்து பணம் இழக்கப்பட்டபோது, பிரபு பொறுப்பாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. கூட்டத்துக்கு வராமை கடமை தவறுவதாகாது என்பதே நியாயம். சேமிப்பு வங்கி கம்பனியன்று. ஆயினும் கம்பனிப் பணிப்பாளர் பற்றிப் பேசுவோர் யாவரும் இத்தீர்ப்பையே எடுத்துக் காட்டலாயினர்.

1911ஆம் ஆண்டின் பிரேசில் இறப்பர்த் தோட்டக் கம்பனி வழக்கு இதனினும் தெளிவானது. இறப்பர் விலை விண்ணை எட்டிய காலத்தில், தோட்டங்கள் பற்றிய பொய்யறிக்கையொன்றை நம்பித் தொடங்கப்பட்ட கம்பனி அது. அதன் பணிப்பாளருள் ஒருவர் வர்த்தகம் பற்றி எதுவும் அறியாதவர். பொறுப்பெதுவுமில்லாத இன்பமான பொழுதுபோக்கு என்று கூறப்பட்டதால் இணங்கியவர். இன்னொருவர் எழுபத்தைந்து வயதினர். காது மிக மந்தம். மற்றுமொருவர், சபையிலிருந்த ஏனையோர் நல்லவர் என்பதால் தாமும் சேர்ந்தவர். இறப்பர் வியாபாரம் அறிந்தவர் அவருள் ஒருவரே. தன் அறியாமையோடு ஒருவர் பதவியேற்பின் அவ்வறியாமையின் விளைவுக்கு அவர் பொறுப்பாகார் என நீதிமன்றம் கூறியது. அறியாமை ஒரு குறைபாடாகவன்றிக் கேடயமாக விளங்கிற்று.

இக்கொள்கை முழுவடிவம் பெற்றது 1925ஆம் ஆண்டின் சிற்றி எக்குவிற்றபிள் தீக்காப்புறுதிக் கம்பனி வழக்கிலாகும். தலைவர் ஜெராட் பெவனின் மோசடியால் அக்கம்பனி ஏறத்தாழ 12 இலட்சம் பவுணை இழந்திருந்தது. பெவன் சிறை சென்றார். ஏனைய பணிப்பாளரைப் பற்றி நீதியரசர் றோமர் மூன்று விதிகளை வகுத்தார். தம்முடைய அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற திறமைக்கு மேல் பணிப்பாளரிடம் எதிர்பார்க்கலாகாது என்பது ஒன்று. அவர் தொடர்ச்சியான கவனம் செலுத்த வேண்டியதில்லை என்பது இரண்டாவது. ஐயத்துக்கு இடமில்லாதவிடத்து, அலுவலரை நம்பிப் பணிகளை ஒப்படைக்கலாம் என்பது மூன்றாவது. சில செயல்களில் அவர்கள் அசட்டையாயிருந்தனர் என நீதியரசர் கண்டபோதும், வேண்டுமென்றே செய்த தவறுக்கன்றிப் பொறுப்பில்லை எனக் கம்பனியின் உள்விதியொன்று கூறியமையால் அவர்கள் தப்பினர். இத்தகைய உள்விதிகள் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தாற் செல்லாதவையாக்கப்பட்டன. றோமரின் மூன்று விதிகளோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தன.

3. தோட்டத்தைக் காணாத சபை

கண்காணிப்போர் யாருடைய நலனுக்காகக் கண்காணித்தனர் என்பது இதனோடு ஒட்டிய வினா. இலங்கைப் பெருந்தோட்டக் கம்பனிகளின் அமைப்பு இதற்குச் சிறந்த சான்றாகும். 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, தனித் தோட்டக்காரர் பலர் நொடித்துப்போயினர். தேயிலைக்குத் தேவைப்பட்ட தொழிற்சாலையும் இயந்திரமும் பெருமூலதனத்தை வேண்டின. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பிரித்தானியாவிற் பதிவான ஸ்ரேலிங் கம்பனிகளும் இலங்கையிற் பதிவான ரூபாக் கம்பனிகளும் தோட்டங்களைக் கைக்கொண்டன.

ஸ்ரேலிங் கம்பனியின் பணிப்பாளர் சபை லண்டனிற் கூடியது. கொழும்பிலிருந்த முகவர் இல்லம் அதன் சார்பில் அலுவல்களை நடத்தியது. தோட்டத்தைப் பார்வையிட்டு அறிக்கையிட விசிட்டிங் ஏஜன்ட் எனப்படுபவர் வந்து போனார். தோட்டத்திலே வாழ்ந்து வேலையை நடத்திய துரைக்குச் சபையில் ஆசனம் இருக்கவில்லை. ஆண்டுதோறும் அவர் தயாரித்த செலவு மதிப்பீடு முகவர் இல்லத்தின் வழியாகச் சபைக்குச் சென்றது. அங்கே வெட்டிக் குறைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. நிறைவேற்றும் கரம் மலையகத்தில். அதனைக் கண்காணிக்கும் கண் லண்டனில்.

இக்கண்காணிப்பைத் தளர்வானதென்று கூறுதல் பொருந்தாது. ஓர் இறாத்தல் தேயிலையின் உற்பத்திச் செலவு எத்தனை சதம் என்பதனை லண்டன் சபை நுணுக்கமாக அறிந்திருந்தது. கொழுந்து பறித்த பெண்ணின் கூலியும், அவள் குடும்பம் ஒடுங்கிய லயக் காம்பிராவும், அவள் பிள்ளையின் இறப்பும் அச்செலவுக் கணக்கில் ஒரு வரியாகவேனும் தோன்றினாற்றான் சபையின் கண்ணிற் படும். அசட்டையான பணிப்பாளர் பங்குதாரரை அழித்தார். விழிப்பான பணிப்பாளரோ பங்குதாரரைக் காத்துத் தொழிலாளரை வருத்தினார். விழிப்பு மாத்திரம் போதாது, யாருக்கு விடை கூறும் விழிப்பு என்பதும் கேட்கப்படல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் இக்கம்பனிகளைத் தொடவில்லை. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அவற்றின் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் அரசாங்கம் தோட்டங்களின் முகாமையை மீண்டும் தனியார் கைக்கு மாற்றியபோது, பணிப்பாளர் சபைகளும் திரும்பி வந்தன. தொழிலாளரின் ஆசனம் வரவில்லை.

4. அறிதல் கடமையாதல்

பிரித்தானிய நீதிமன்றப் போக்கில் மாற்றம் 1977இல் தென்பட்டது. டோசெஸ்ரர் நிதிக் கம்பனி வழக்கில், நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர் இருவர் வெற்றுக் காசோலைகளிற் கையொப்பமிட்டுக் கொடுத்து, கம்பனிப் பக்கமே வாராதிருந்தனர். இருவரும் கணக்கியல் அறிந்தவர். தாம் நிறைவேற்றுப் பணிப்பாளரல்லர் என்ற வாதம் எடுபடவில்லை, இருவரும் பொறுப்பாளிகளாயினர். பியூட் பிரபுவின் காலம் முடிவுக்கு வரலாயிற்று.

அவுஸ்திரேலியாவில் ஏ.டபிள்யூ.ஏ. கம்பனி வழக்கின் முதல் தீர்ப்பு, 1992இல், நிறைவேற்று அதிகாரமற்றோருக்கு இலேசான கடமையே உண்டு என்றது. 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. கம்பனியின் நிதிநிலையை விளங்கிக்கொள்ளத்தக்க அறிவினை எல்லாப் பணிப்பாளரும் பெற்றிருத்தல் வேண்டும் என அது வலியுறுத்தியது. 2011இல் சென்ரோ வழக்கில் மேலுமொரு படி எடுத்துவைக்கப்பட்டது. தாம் ஏற்றுக் கையொப்பமிடும் நிதிக்கூற்றுகளைப் பணிப்பாளர் தாமே வாசித்து விளங்க வேண்டும். முகாமையாளரும் கணக்காய்வாளரும் பார்த்தனர் என்பது விடையாகாது.

இதற்கிடையில் லண்டனில் இன்னொரு வீழ்ச்சித் தொடர் நிகழ்ந்தது. 1990இற் பொலி பெக் கம்பனியும், 1991 யூலையிற் பி.சி.சி.ஐ. வங்கியும் வீழ்ந்தன. 1991 நவம்பரிற் பத்திரிகை அதிபர் றொபட் மக்ஸ்வெல் இறந்தபின், அவருடைய கம்பனிகளின் ஓய்வூதிய நிதிகளிலிருந்து 40 கோடிக்கும் மேற்பட்ட பவுண் எடுக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அச்சகத் தொழிலாளரும் எழுதுநரும் முதுமைக்கெனச் சேர்த்த பணம் அது. பங்குச் சந்தையிற் பதிவான கம்பனியொன்றைப் பொறுப்புடன் நடத்த நம்பத்தக்கவர் மக்ஸ்வெல் அல்லர் என அரசாங்கப் பரிசோதகர் 1971இலேயே அறிக்கையிட்டிருந்தனர் என்பது மனங்கொளத்தக்கது. அவ்வாறிருந்தும் அவருடைய சபைகளில் மதிப்புக்குரியோர் பலர் அமர்ந்திருந்தனர்.

சேர் ஏட்றியன் கட்பரியின் தலைமையில் அமைந்த குழு 1992 டிசெம்பரில் அறிக்கை வெளியிட்டது. நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளர் மூவரேனும் சபையில் இருத்தல் வேண்டும். அவருள் பெரும்பான்மையினர் கம்பனியோடு வேறு தொடர்பில்லாத சுயாதீனர் ஆதல் வேண்டும். தலைவர் பதவியும் பிரதம நிறைவேற்று அலுவலர் பதவியும் ஒருவரிடமே குவிதல் தவிர்க்கப்படல் வேண்டும். கணக்காய்வுக் குழு நிறைவேற்று அதிகாரமற்றோரைக் கொண்டதாதல் வேண்டும். இவை அதன் முக்கிய விதந்துரைகள். கினிப்பன்றி என எள்ளப்பட்டவர் இப்போது காவலராக நியமனம் பெற்றார். 2003இல் ஹிக்ஸ் அறிக்கை, தலைவர் நீங்கலாகச் சபையிற் பாதிப்பேராயினும் சுயாதீனராயிருத்தல் வேண்டும் என்றது. 2006ஆம் ஆண்டின் பிரித்தானியக் கம்பனிச் சட்டம் இரு வகையினருக்கும் ஒரே அளவுகோலை விதித்தது: அப்பணியை ஆற்றும் ஒருவரிடம் பொதுவாக எதிர்பார்க்கத்தக்க திறமை, அதற்கு மேலாக, அவருக்குத் தனிப்பட வாய்த்த அறிவு ஏதும் இருப்பின் அதுவும்.

5. காவலரை நியமிப்பவர் யார்?

எண்ணிக்கை மாத்திரம் பிணியைத் தீர்க்கவில்லை. 2001 டிசெம்பரில் வீழ்ந்த என்றோன் கம்பனியின் சபையில் வெளிப் பணிப்பாளரே பெரும்பான்மையினர். கணக்காய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் புகழ்பெற்ற பல்கலைக்கழகமொன்றின் கணக்கியற் பேராசிரியர். அறிவுக் குறைவு என்ற பழைய சாட்டு அங்கே எழ இடமில்லை. எனினும் கம்பனியோடு தாமே வியாபாரம் செய்யும் பங்காளி அமைப்புகளை நடத்துவதற்கு, நிதிப் பொறுப்பாளருக்கு ஒழுக்க விதியிலிருந்து விலக்களித்தது அதே சபையாகும்.

காரணம் அமைப்பிலேயே உள்ளது. கண்காணிப்பவருக்கு வேண்டிய தகவலைத் தருபவர் கண்காணிக்கப்படுபவரே. முழுநேர அலுவலருக்கு ஆண்டு முழுவதும் வேலை. நிறைவேற்று அதிகாரமற்றவருக்கோ ஆண்டில் சில நாட்களே. யாவற்றிலும் மேலாக, அவருடைய பெயரை முன்மொழிபவர் பெரும்பாலும் தலைவரோ, பெரும்பங்குதாரரோ ஆவர். கேள்வி கேட்பவர் மறுமுறை அழைக்கப்படார் என்ற எண்ணம் எவருக்கும் கற்பிக்க வேண்டியதொன்றன்று.

ஜேர்மனி வேறொரு வழியிற் சென்றது. அங்கே செயற்படும் சபையினின்றும் மேற்பார்வைச் சபையைப் பிரித்து அமைத்தல் 1870ஆம் ஆண்டிலேயே பங்குக் கம்பனிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1951இல் நிலக்கரி, உருக்குத் தொழில்களிலும், 1976இல் 2,000க்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட கம்பனிகளிலும், மேற்பார்வைச் சபையின் பாதி ஆசனங்கள் தொழிலாளர் பக்கத்துக்கு வழங்கப்பட்டன. பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டின் புலொக் அறிக்கை தொழிலாளர் பிரதிநிதிகளைப் பணிப்பாளராக்க விதந்துரைத்தது. தொழிலதிபரின் எதிர்ப்பாலும் தொழிற்சங்கங்களிடையே நிலவிய கருத்து வேறுபாட்டாலும் அது கைவிடப்பட்டது. ஜேர்மன் முறையும் குறையற்றதன்று. 2020இல் வயர்காட் கம்பனியில் 190 கோடி யூரோ இல்லாத பணமென வெளிப்பட்டபோது, அதன் மேற்பார்வைச் சபையும் காலத்தில் விழித்திருக்கவில்லை. ஆயினும் யாருக்காகக் கண்காணிப்பது என்ற வினாவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தமை ஜேர்மன் முறையின் சாதனை எனலாம்.

6. இலங்கையின் நிலை

இலங்கையின் 1938ஆம் ஆண்டுக் கம்பனிகள் கட்டளைச் சட்டமும் அதன்பின் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் ஆங்கில மாதிரியைப் பின்பற்றியவை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமே பணிப்பாளர் கடமைகளை முதன்முறையாக விரிவாக எழுத்தில் வகுத்தது. அதன் 189ஆம் பிரிவு, பொறுப்பற்ற முறையிலோ பாரதூரமான அசட்டையுடனோ பணிப்பாளர் நடத்தலாகாது என்றது. தம்முடைய அறிவும் அனுபவமும் உள்ள ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்க திறமையையும் கவனத்தையும் காட்டல் வேண்டும் என்றது. இப்பிற்பகுதியை 1925ஆம் ஆண்டின் தீர்ப்போடு ஒப்பிட்டு நோக்குவோர், றோமரின் முதல் விதி ஏறத்தாழ அப்படியே மீண்டிருப்பதைக் காண்பர். அறிவு குறைந்தவருக்குக் கடமையும் குறையும் என வாதாட அது இடமளிக்கிறது. பிரித்தானியா தான் கைவிட்ட அளவுகோலை நமது சட்டம் எழுத்திற் பேணிக்கொண்டது.

இது ஏட்டளவிலான குறைபாடன்று. 2002இற் பிரமுக வங்கி மூடப்பட்டபோதும், 2008இன் இறுதியிற் கோல்டன் கீ கடன் அட்டைக் கம்பனி வீழ்ந்தபோதும், வீதியில் நின்றவர் பெரும்பாலும் ஓய்வூதியப் பணத்தையும் வெளிநாட்டு உழைப்பின் மிச்சத்தையும் வைப்பிலிட்ட சாதாரண மக்கள். வங்கிகளின் பணிப்பாளருக்கு வயதெல்லை, பதவிக்கால எல்லை, சுயாதீனரின் எண்ணிக்கை முதலியவற்றை 2007இல் மத்திய வங்கி விதித்தது. அது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும், விதிக்கப்பட்ட எண்ணிக்கையைப் பெயர்களால் நிரப்புதல் எளிது என்பதை விக்டோரியா கால லண்டன் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இவ்வரலாறு உணர்த்துவன மூன்று. நிறைவேற்று அதிகாரமற்ற பணிப்பாளரின் பயன், முகாமை தரும் தாள்களுக்கு அப்பாலும் சென்று தகவல் பெறும் உரிமையிலும், அவ்வுரிமையைப் பயன்படுத்தும் கடமையிலும் தங்கியுள்ளது. அவரைக் கண்காணிக்கப்படுவோரே தெரிவு செய்யும் வரை அவரது சுயாதீனம் பெயரளவினதாகவே இருக்கும். கம்பனி வீழும்போது யாவரினும் முதலில் வீழும் தொழிலாளரும் வைப்பாளரும் மேசையில் இடம்பெறாதவரை, மிக விழிப்பான கண்ணும் ஒரு பக்கத்தையே பார்க்கும். பியூட் பிரபு ஒரு கூட்டத்துக்கு மட்டும் வந்தார் என்பது இன்று நகைப்புக்குரிய செய்தி. காடிப் வங்கியிற் பணம் இட்டவர் ஒருவரேனும் அக்கூட்டத்துக்கு அழைக்கப்பட்டாரா என எந்த நீதிமன்றமும் வினவவில்லை. அவ்வினா நமது காலத்திலும் விடையை வேண்டி நிற்கிறது.